சரக்குக்கும் ஒரு வாசல் வேண்டும்

பல்கலைக்கழக நூலகத்தில் புத்தகம் இரவல் வாங்காத மாணவர் நம்மில் இருக்க முடியாது. முகப்பில் வரிசையில் நிற்கிறோம். மாணவர் அட்டையை நீட்டுகிறோம். அபராதம் பாக்கி இருக்கிறதா, இரவல் வரம்பைத் தாண்டிவிட்டோமா என்று பொறுப்பாளர் பார்க்கிறார். எல்லாம் சரியென்றால் நூல் நம் கைக்கு வருகிறது. ஒருவருக்கு அரை நிமிடம் ஆகலாம்.

இப்போது அதே நூலகத்துக்கு 5,000 புதிய நூல்கள் லாரியில் வந்து நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். லாரியில் வந்தவர் நம்மோடு வரிசையில் நின்று ஒவ்வொரு நூலாக ஒப்படைப்பாரா? மாட்டார். அப்படிச் செய்தால் மாலைவரை நமக்கு இரவல் கிடைக்காது. சரி, கொல்லைவாசலைத் திறந்து காலியாக உள்ள அடுக்குகளில் எல்லாம் அடுக்கிவிட்டுப் போய்விடுவாரா? அதுவும் கூடாது. எந்தப் பட்டியலிலும் இல்லாத 5,000 நூல்கள் இருந்தும் இல்லாதவையே.

நூலகம் இதற்கென்று தனியாக ஒரு வாசல் வைத்திருக்கிறது. அங்கே சரக்கு இறங்குகிறது, எண்ணிப் பார்க்கப்படுகிறது, கிழிந்தவை ஒதுக்கப்படுகின்றன, நல்லவை பட்டியலில் ஏறுகின்றன, கடைசியில் எத்தனை வந்தன, எத்தனை திரும்பின என்று கையொப்பமிட்ட ரசீது கிடைக்கிறது. இந்தச் சரக்கு வாசலைப் பற்றியதுதான் இக்கட்டுரை. நூலகத்தில் நமக்கு இயல்பாகத் தெரியும் இந்த உண்மையை, மென்பொருளை வடிவமைக்கும்போது நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

சேவைசார் கட்டமைப்பு என்றால் என்ன?

ஒரு பெரிய நிறுவனத்தின் மென்பொருளை ஒரே பிண்டமாகக் கட்டாமல், பொறுப்புக்கு ஒன்றாகப் பிரித்துக் கட்டுவது சேவைசார் கட்டமைப்பு. எஸ்.ஓ.ஏ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொண்டால் மாணவர் பதிவு ஒரு சேவை, கட்டணம் ஒரு சேவை, விடுதி ஒரு சேவை. ஒவ்வொன்றுக்கும் சொந்தத் தரவுத்தளம் உண்டு. மாணவர் பற்றிய தகவல் வேண்டுமானால் விடுதிச் சேவை நேராக மாணவர் தரவுத்தளத்தில் கை வைக்காது. மாணவர் சேவையிடம் கேட்கும். கேட்கும் முறையும் பதில் வரும் முறையும் ஓர் ஒப்பந்தமாக முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும்.

2000ஆம் ஆண்டில் சோப் 1.1 என்னும் செய்தி வரையறை வெளிவந்ததும், 2003 ஜூனில் அதன் 1.2 பதிப்பு உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையானதும் இம்முறை பரவுவதற்குப் பெரிதும் உதவின. இன்று புதிதாகக் கட்டுவோர் சோப்பைவிட ரெஸ்ட் முறையையே அதிகம் நாடுகிறார்கள்; சேவைகளும் நுண்சேவைகள் என்ற பெயரில் இன்னும் சிறியவையாகிவிட்டன. ஆனால் அடிப்படைக் கொள்கை மாறவில்லை: ஒரு தரவுக்கு ஒரே உரிமையாளர்; அத்தரவு பற்றிய விதிகள் அந்த உரிமையாளரிடம் மட்டுமே இருக்க வேண்டும்.

விதிகள் என்று இங்கே எவற்றைச் சொல்கிறோம்? அடையாள அட்டை எண்ணுக்குச் சரியாக 12 இலக்கங்கள் இருக்க வேண்டும். முதல் ஆறும் உண்மையான பிறந்த தேதியாக இருக்க வேண்டும். நம்மவர் பெயர்களில் வரும் 'ஏ/எல்', 'ஏ/பி' சில படிவங்களில் சாய்கோட்டுடனும், சிலவற்றில் கோடு இல்லாமலும், சிலவற்றில் 'அனாக் லெலாக்கி' என்று விரித்தும் எழுதப்பட்டிருக்கும். அவற்றை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். புதிய மாணவர் பதிவானதும் கட்டணத்துக்கும் விடுதிக்கும் செய்தி அனுப்ப வேண்டும். இவை சிறியவைதாம். ஆனால் ஒன்று தவறினாலும் யாரோ ஒரு மாணவர் எங்கோ ஒரு முகப்பில் நிற்க வேண்டியிருக்கும்.

கொல்லைவாசல் வழியே: நான் கற்ற முதல் பாடம்

படித்து முடித்து நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. 2019ஆம் ஆண்டு, ஓர் உயர்கல்விக் கூடத்தின் புதிய மாணவர் சேர்க்கைக்கான கோப்பு எங்கள் குழுவுக்கு வந்தது. சில ஆயிரம் பெயர்கள். மறுநாள் காலைக்குள் ஏற்றியாக வேண்டும். மாணவர் சேவை அப்போது ஒரு நேரத்தில் ஒரு மாணவரை மட்டுமே ஏற்கும். "அதுக்கெல்லாம் நேரமில்ல, நேரா தரவுத்தளத்துல ஏத்திடு" என்றார் மூத்த சகா ஒருவர். ஏற்றினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பெருமையாகத்தான் இருந்தது.

அந்தக் கோப்பு எங்களிடம் வருமுன் யாரோ அதை விரிதாளில் திறந்து சேமித்திருக்கிறார்கள். அடையாள அட்டை எண் இருந்த பத்தி வெறும் எண்ணாக வடிவமைக்கப்பட்டிருந்தது. எண்ணுக்கு முன்னால் வரும் பூச்சியத்துக்கு மதிப்பில்லை அல்லவா? விரிதாள் அதை விழுங்கிவிட்டது. 1999இல் பிறந்தவருக்கு எண் 99 என்று தொடங்கும். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. 2000 மார்ச் 15இல் பிறந்தவருக்கோ எண் 000315 என்று தொடங்கும். மூன்று பூச்சியங்கள் போய் ஒன்பது இலக்கங்களே மிஞ்சின. அந்த ஆண்டுச் சேர்க்கையில் பெரும்பாலோர் 2000இல் பிறந்தவர்கள்.

12 இலக்கங்கள் இருக்கின்றனவா என்று பார்க்கும் விதி சேவையில் இருந்தது, தரவுத்தளத்தில் இல்லை. நான் சேவையைச் சுற்றிக்கொண்டு போனதால் அந்த விதி என்னைத் தடுக்கவே இல்லை. விடுதிக்கும் கட்டணத்துக்கும் போக வேண்டிய செய்திகளும் போகவில்லை.

பதிவு நாளன்று விடுதி முகப்பில் உதவிக்கு நின்றேன். சுங்கை சிப்புட்டிலிருந்து விடியற்காலைப் பேருந்தில் மகளுடன் வந்திருந்த ஒருவர், பெட்டியைக் கீழே வைக்காமலே கேட்டார்: "தம்பி, ஆஃபர் லெட்டர் கையில இருக்கு. பேரு மட்டும் எப்படி இல்லாம போகும்?" எனக்குப் பதில் தெரியும்; சொல்லத்தான் நா எழவில்லை. அன்று மாலைவரை அந்தப் பெண் பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தார். எண்களைத் திருத்தி, விடுதிக்குக் கைப்படப் பட்டியல் எழுதி அனுப்பி முடிக்க எங்களுக்கு மூன்று நாள் ஆயிற்று.

"தரவுத்தளத்திலேயே விதிகளை எழுதியிருந்தால் தப்பித்திருக்கலாமே?" என்று நீங்கள் கேட்கலாம். ஓரளவுக்குத்தான். மொத்தமாக ஏற்றும் கருவிகள் வேகத்துக்காகச் சில விதிகளைத் தாண்டிச் செல்கின்றன. ஆரக்கிளின் எஸ்கியூஎல் லோடர் நேரடிப் பாதையில் ஏற்றும்போது சரிபார்ப்பு விதிகளும், பிற அட்டவணைகளோடு பிணைக்கும் விதிகளும், செருகலின்போது இயங்கும் தூண்டிகளும் நிறுத்திவைக்கப்படுகின்றன. மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வரின் பிசிபி கருவியும் நாம் வெளிப்படையாகக் கேட்டால் ஒழிய இவற்றைப் பொருட்படுத்துவதில்லை. போஸ்ட்கிரெஸ்கியூஎல்லின் காப்பி கட்டளை சரிபார்ப்பு விதிகளையும் தூண்டிகளையும் மதிக்கிறது. ஆனால் எந்தத் தரவுத்தளமானாலும், விடுதிக்குச் செய்தி அனுப்பும் வேலை சேவையின் நிரலில் இருக்கும்போது, சேவையைத் தாண்டிப் போனவருக்காக அதைச் செய்யாது.

முன்வாசல் வழியே: இரண்டாவது பாடம்

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை போகாது. "இனி யாரும் தரவுத்தளத்தைத் தொடக் கூடாது, எல்லாம் சேவை வழியேதான்" என்று கட்டளை பிறந்தது. கொள்கை சரிதான். அடுத்து வந்த வேலை, பழைய மதிப்பெண்களைப் புதிய அமைப்புக்கு மாற்றுவது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 400,000 பதிவுகள், ஒவ்வொன்றுக்கும் சேவையை ஒருமுறை அழைக்க அரை வினாடி என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 200,000 வினாடிகள். அதாவது 55 மணி நேரத்துக்கும் மேல். இரண்டு பகல், இரண்டு இரவு, அதற்கு மேலும் கொஞ்சம்.

அரை வினாடி எங்கே போகிறது? விதியைச் சரிபார்க்கும் வேலை மிகச் சிறிது. கோரிக்கை வலையமைப்பில் போய்வர நேரம். அழைப்பவர் யாரென்று சோதிக்க நேரம். செய்தியை எக்ஸ்எம்எல்லாகக் கட்டி மறுமுனையில் பிரிக்க நேரம். ஒவ்வொரு பதிவையும் தனிப் பரிவர்த்தனையாக முடித்து வட்டில் எழுதி உறுதிசெய்ய நேரம். கடிதம் எழுத ஒரு நிமிடம், அஞ்சலகம் போய்வர ஒரு மணி நேரம் என்பது போலத்தான்.

நேரம் மட்டுமே சிக்கலானால் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டாம் நாள் நள்ளிரவில் எங்கள் இணைப்பு அறுந்தது. எத்தனை பதிவுகள் உள்ளே போயின, கடைசியாக அனுப்பியது சேர்ந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. முதலிலிருந்து ஓட்டினோம்; ஒரே பாடத்துக்கு ஒரே மாணவருக்கு இரண்டு மதிப்பெண்கள் ஏறின. போதாக்குறைக்கு அதே சேவையில் தேர்வு முடிவு பார்க்க வந்த மாணவர்களுக்குத் திரை நகரவே இல்லை. லாரிக்காரரை இரவல் வரிசையில் நிற்க வைத்ததன் விளைவு இது.

ஆக, கொல்லைவாசலில் விதி உடைந்தது. முன்வாசலில் வேகம் செத்தது. விதியா வேகமா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை என்பதைப் புரிந்துகொள்ள எங்களுக்கு இரண்டு தோல்விகள் தேவைப்பட்டன. மொத்தமாக வாங்கிக்கொள்வதையும் சேவையின் ஒப்பந்தத்தில் ஒரு பகுதியாக்க வேண்டும். அதுதான் சரக்கு வாசல்.

சரக்கு வாசல் இயங்கும் முறை

எளிய முதல் படி, ஒரு அழைப்பில் ஒன்றுக்குப் பதிலாக ஆயிரம் பதிவுகளை அனுப்புவது. 400,000 அழைப்புகள் 400 ஆகிவிடும். ஒவ்வொன்றும் 5 வினாடி எடுத்தாலும் 2,000 வினாடிகள். 33 நிமிடங்களில் வேலை முடியும். பல வேலைகளுக்கு இதுவே போதும்.

அப்படியானால் எல்லாவற்றையும் ஒரே அழைப்பில் அனுப்பிவிடலாமே? கூடாது. எக்ஸ்எம்எல் செய்தியை முழுதும் நினைவகத்தில் மரமாக விரித்துப் படிக்கும் முறையில் அது கோப்பின் அளவைப் போலப் பல மடங்கு இடம் கேட்கும். கோப்பைச் செய்திக்குள் எழுத்துகளாக மாற்றிச் செருகினாலும் சிக்கல்தான்: பேஸ்64 முறையில் 3 பைட்டுகள் 4 எழுத்துகளாகின்றன; சுமை மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. இதைத் தவிர்ப்பதற்காகவே 2005 ஜனவரியில் எம்டிஓஎம் என்னும் பரிந்துரை வெளியாயிற்று.

இதைவிட நல்ல வழி, சுமையையும் செய்தியையும் பிரித்துவிடுவது. நூலக வாசலில் பையை ஒப்படைத்துவிட்டு எண் வில்லையை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போகிறோமே, அதே ஏற்பாடு. கோப்பைப் பொதுவான சேமிப்பிடத்தில் வைத்துவிட்டு, அது இருக்கும் இடத்தை மட்டும் சேவைக்குச் செய்தியாக அனுப்புகிறோம். கிரெகர் ஹோப்பேயும் பாபி வுல்ஃபும் 2003இல் வெளியிட்ட நிறுவன ஒருங்கிணைப்பு வடிவங்கள் பற்றிய நூலில் இதைச் சுமைச் சீட்டு என்னும் பொருள்படும் பெயரால் விளக்கியிருக்கிறார்கள்.

அதன்பின் சேவை செய்ய வேண்டியவற்றை வரிசையாகப் பார்ப்போம்.

1. ஏற்பு. அனுப்புபவருக்கு மொத்தமாக ஏற்றும் உரிமை உண்டா என்று பார்த்து, ஒரு வேலை எண்ணை உடனே கொடுத்துவிடுகிறது. எச்டிடிபி நெறிமுறையில் இதற்கென்றே 202 என்னும் பதில் குறியீடு உள்ளது. "வாங்கிக்கொண்டேன், இன்னும் முடிக்கவில்லை" என்பது அதன் பொருள். அனுப்பியவர் காத்துக் கிடக்க வேண்டியதில்லை. வேலை எண்ணைச் சொல்லி நிலைமையை எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம்.

2. முற்றம். கோப்பு நேராக உண்மையான அட்டவணைக்குப் போகாமல், சேவைக்குச் சொந்தமான தற்காலிக அட்டவணையில் இறங்குகிறது. முன்பு சொன்ன வேகமான ஏற்றும் கருவிகளை இங்கே தாராளமாகப் பயன்படுத்தலாம். அவற்றின் மீது குற்றமில்லை. அவற்றை வீட்டுக்காரரே, தம் முற்றத்தில், பயன்படுத்த வேண்டும் என்பதுதான் வேறுபாடு.

3. சரிபார்ப்பு. ஒற்றைப் பதிவுக்கு எந்த விதியோ அதே விதி இங்கும். இந்த இடத்தில்தான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். மொத்த ஏற்றத்துக்கென்று விதிகளைத் தனியாக இன்னொரு முறை எழுதிவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து ஒன்றைத் திருத்துவார்கள், மற்றதை மறப்பார்கள். ஆகவே விதிகளை ஒரே நிரற்கூறாக எழுதி, இரண்டு வாசல்களும் அதையே அழைக்கும்படி செய்ய வேண்டும். 400,000 முறை அழைத்தாலும் அது ஒரே கணினிக்குள் நடப்பதால் பெரும் செலவில்லை. இந்தப் பாடம் உண்மையில் இருக்கிறதா, இந்த மாணவர் ஏற்கெனவே இருக்கிறாரா போன்ற தேடல்களை மட்டும் ஒரே வினவலில் மொத்தமாகச் செய்துகொள்ளலாம்.

4. சேர்ப்பு. தேறிய பதிவுகளை ஆயிரம் ஆயிரமாகப் பரிவர்த்தனை செய்து உண்மையான அட்டவணையில் சேர்க்கிறது. ஒவ்வொரு பதிவுக்கும் மாறாத சாவி ஒன்று இருக்க வேண்டும். மதிப்பெண்ணுக்கு மாணவர் எண், பாடக் குறியீடு, பருவம் மூன்றும் சேர்ந்ததே சாவி. அதே சாவியோடு மீண்டும் வந்தால் புதிதாகச் சேர்க்காமல் இருப்பதையே புதுப்பிக்கும். அப்போது இணைப்பு அறுந்தாலும் கவலையில்லை. கோப்பை மறுபடி அனுப்பலாம், இரட்டிப்பு வராது. வேகக் கட்டுப்பாடும் இங்கே வேண்டும். முன்வாசலில் நிற்கும் மாணவருக்கு இடையூறு இல்லாமல் இரவில் ஓட்டலாம்.

5. ரசீது. வந்தவை எத்தனை, சேர்ந்தவை எத்தனை, திரும்பியவை எத்தனை? பின்னிரண்டின் கூட்டுத்தொகை முதலாவதற்குச் சமமாக இருக்க வேண்டும். திரும்பிய ஒவ்வொன்றுக்கும் கோப்பின் எத்தனையாவது வரி, என்ன காரணம் என்று எழுதியிருக்க வேண்டும். "312ஆம் வரி: அடையாள அட்டை எண்ணில் ஒன்பது இலக்கங்களே உள்ளன" என்று ஒரு வரி 2019இல் எங்கள் கையில் இருந்திருந்தால், அந்தத் தந்தை அன்று அப்படிக் கேட்டிருக்க மாட்டார்.

6. அறிவிப்பு. விடுதிக்கும் கட்டணத்துக்கும் ஆயிரக்கணக்கான தனிச் செய்திகளை அனுப்பினால், நெரிசலை நம்மிடமிருந்து அவர்களிடம் தள்ளிவிட்டதாகவே ஆகும். "இந்த வேலை எண் முடிந்தது, பட்டியல் இங்கே" என்று ஒரே செய்தி போதும். ஆனால் அவர்களிடமும் சரக்கு வாசல் இருக்க வேண்டும்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனம் மொத்தத் தரவுக்கென்று தனி இடைமுகம் வைத்திருக்கிறது. அதில் வேலையைத் திறந்து, கோப்பை ஏற்றி, முடிந்ததென்று தெரிவித்து, நிலைமையைக் கேட்டு, கடைசியில் தேறியவற்றையும் தவறியவற்றையும் தனித்தனிப் பட்டியலாகப் பெறலாம்.

முடிவெடுக்க வேண்டிய இரண்டு இடங்கள்

முதலாவது: ஒரு பதிவு தவறானால் மற்றவற்றை என்ன செய்வது? மாணவர் சேர்க்கையில் பத்துப் பேர் விவரம் பிழையென்பதற்காக மற்ற ஆயிரக்கணக்கானோரைக் காக்க வைப்பது நியாயமில்லை. தேறியவரைச் சேர்த்துவிட்டுப் பிழையைத் திருப்பலாம். பேரேட்டுக் கணக்கில் அப்படிச் செய்தால் பற்றும் வரவும் ஒட்டாது. அங்கே முழுதும் ஏற்க வேண்டும் அல்லது முழுதும் மறுக்க வேண்டும். இது கணினி நிபுணர் தனியே எடுக்கும் முடிவில்லை. அந்தத் தரவை அன்றாடம் கையாளும் அலுவலரைக் கேட்க வேண்டும்.

இரண்டாவது: கொல்லைவாசலுக்கு எப்போதுமே இடமில்லையா? புதிய அமைப்பு இன்னும் திறக்கப்படவில்லை, ஒருவரும் பயன்படுத்தவில்லை என்னும் நிலையில், பழைய தரவை ஒரே ஒருமுறை நேரடியாக ஏற்றலாம். ஆனால் ஏற்றியதும் எல்லாப் பதிவுகளையும் அதே விதிகளால் சோதித்துவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும். ஒருமுறைக்கென்று எழுதிய நிரல் ஒவ்வோர் ஆண்டும் ஓடத் தொடங்கினால், அது கொல்லைவாசலாகிவிட்டது என்று பொருள்.

தம்பி தங்கையருக்கு

இறுதியாண்டுத் திட்டப்பணியில் பலரும் அழகான திரையும், ஒரு நேரத்தில் ஒரு பதிவை ஏற்கும் சேவையும் செய்து காட்டுகிறோம். விரிவுரையாளர் முன்னிலையில் ஐந்து பதிவுகளை ஏற்றுகிறோம், நன்றாகவே ஓடுகிறது. வேலைக்குப் போனதும் முதல் வாரத்திலேயே யாரோ ஒருவர் ஒரு கோப்பை நீட்டி, "இதை இன்றைக்குள் ஏற்றிவிடு" என்பார். அந்த நேரத்தில் இந்த மூன்று கேள்விகளையாவது கேளுங்கள். இந்தத் தரவுக்கு உரிமையாளர் யார்? பாதியில் நின்றால் மறுபடி ஓட்ட முடியுமா? திரும்பியவற்றின் பட்டியல் யார் கைக்குப் போகும்?

முடிந்தால் இப்போதே பழகிப் பாருங்கள். உங்கள் திட்டப்பணிச் சேவையில் சரக்கு வாசல் ஒன்றைக் கட்டி, ஒரு இலட்சம் கற்பனைப் பதிவுகளை அதன் வழியே அனுப்புங்கள். அவற்றில் சில எண்களின் முதல் பூச்சியத்தை வேண்டுமென்றே நீக்கிவிடுங்கள். சில பெயர்களில் சாய்கோட்டை விட்டுவிடுங்கள். பாதியில் இணைப்பைத் துண்டியுங்கள். ரசீது சரியாக வருகிறதா என்று பாருங்கள்.

ஏற்றும்போது அவை நமக்குப் பதிவுகள், வரிகள், பைட்டுகள். பதிவு நாளன்று அவை பெட்டியோடு வந்து நிற்கும் பிள்ளைகள். ஒரு நிமிடத்தில் ஏற்றிய அன்று எனக்கு அது தெரியவில்லை. உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கட்டும்.